ஒரு சாண், இரண்டரை லிட்டர்

திருகாணி முறிந்தபோது சத்தமே இல்லை.
ஓர் இளகல், அவ்வளவுதான்.
விரலுக்கும் சாவிக்கும் நடுவே ஏதோ ஒன்று
சொல்லாமல் கொள்ளாமல் விலகிப்போனது.

ஹேண்டில்பாரைக் கவ்வும் மூடியில்
ஐந்து நியூட்டன் மீட்டர் என்று
எறும்பளவு எழுத்தில் அச்சிட்டிருந்தது.
நான் பார்க்கவில்லை.
கை பார்த்துக்கொள்ளும் என்றிருந்தேன்.
பாயான் லெப்பாஸில் பதினோரு வருடம்
திருகாணி முடுக்கிய கை.

அங்கே முடுக்குவது கருவி.
பச்சை விளக்கு எரிந்தால் அடுத்த பலகை.
கைக்கு அதில் என்ன தெரியும்?

எங்கள் வீட்டில் யாருக்கும்தான் என்ன தெரியும்.
சந்திரபோஸ் மூடிய ஊறுகாய் போத்தலை
அவர் வேலை முடிந்து வரும்வரை
ஒருவராலும் திறக்க முடியாது.

அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு என்று
பள்ளிச் சுவரில் எழுதிவைத்தார்கள்.
அளவு எவ்வளவு என்று எழுதவில்லை.

கிம்பர்லி தெரு இரும்புக்கடைத் தவுக்கே
மூன்றை எடுத்து வைத்தார்.
ஒன்று முழங்கை நீளம், எழுபது வெள்ளி.
நாற்பதில் தொடங்கி இருநூறில் முடிகிறது.
லாரிச் சக்கரத்துக்கு ஆகும்.
என் ஐந்து அதற்குக் காதிலேயே விழாது.

ஒன்று ஜெர்மன். அறுநூற்று நாற்பது.
வெல்வெட் பெட்டிக்குள் அட்டிகைபோலப் படுத்திருந்தது.
என் சைக்கிளே எண்ணூறுதான்,
முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு
சூப்பர்வைசர் ஹோ கண் கலங்கி விற்றது.
பெட்டியை நானே மூடிக் கொடுத்தேன்.

மூன்றாவதற்குக் காலங்குலச் சதுர முனை.
இரண்டிலிருந்து இருபத்துநான்கு வரை.
சொன்ன அளவு வந்ததும் டிக் என்னும்.
நூற்றுப் பதினைந்து.

சரியாகச் சொல்லுமா என்று கேட்டேன்.
"புன்யி அடா. பெத்துல் தக் பெத்துல், சாயா தக் தாவு."
சத்தம் உண்டு; சரியா இல்லையா, தெரியாது.
இந்தத் தீவில் என்னிடம் பொருள் விற்ற எவரும்
இத்தனை நேர்மையாகப் பேசியதில்லை.
காசைக் கொடுத்துவிட்டேன்.

விடியுமுன் எழுந்து
மேசை ஓரத்து வைஸில் அதன் தலையைப் பூட்டினேன்.
படுக்கையாய் நீட்டிக்கொண்டு நின்றது.
தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி,
என் சாண் சரியாக இருபது சென்டிமீட்டர்,
எண்ணெய் வாளியைக் கட்டித் தொங்கவிட்டேன்.
ஐந்தில் வைத்து
டம்ளர் டம்ளராகத் தண்ணீர்.

இரண்டு லிட்டர். பேச்சில்லை.
இரண்டேகால். பேச்சில்லை.
கைலியோடு வந்து நின்ற சந்திரபோஸ்
"குழாய்ல தண்ணி நின்னுபோச்சா?" என்றார்.
இரண்டரைக்கு ஒரு டம்ளர் குறையும்போது
டிக்.
வாளியும் கைப்பிடியும் சேர்ந்த சொந்தக் கனம்
அந்த ஒரு டம்ளர்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் ஒருதரம்" என்று வாங்கினார்.
புதுத் திருகாணிகள் நாலு,
குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக என்றேன்.
முதலாவதிலேயே
டிக் கேட்டது, அவர் கை கேட்கவில்லை.
பிடுங்கிக்கொண்டேன்.

"நிறுத்தலன்னா திரும்பச் சொல்லாதா?"

"ஒருதரந்தான் சொல்லும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனார்,
வாளித் தண்ணீரையே ஊற்றி.
நான் தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து முடுக்கினேன்.
நாலு டிக்.
முன்சக்கரத்தைத் தொடைகளுக்கிடையே பிடித்து
ஹேண்டில்பாரை முறுக்கிப் பார்த்தேன்.
அசையவில்லை.
ஞாயிற்றுக்கிழமை தெலுக் பஹாங் இறக்கத்தில்
மீதியைத் தெரிந்துகொள்ளலாம்.

பெட்டிக்குள் மடித்த காகிதத்தில் ஒரு வரி:
வேலை முடிந்ததும் ஆகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைக்கவும்,
இல்லையேல் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்துவிடும்.

இரண்டுக்குத் திருப்பி
துணி சுற்றிப் படுக்கவைத்தேன்.
மணி ஐந்தேகால்.
ஐந்தரைக்கு ஃபேக்டரி பஸ்.